உங்களுக்குத் தெரியுமா? ஆபீஸ் முடிந்த பிறகு என்ஜினீயர்கள் செய்யும் வேலை

பொறியாளர் சங்கங்களின் ஆண்டறிக்கைகளை நான் விரும்பிப் படிப்பேன். பொதுக்குழு கூடியது, கமிட்டிகள் சந்தித்தன, மாணவர் போட்டி நடந்தது, பதக்கம் வழங்கப்பட்டது என்று வரிசையாக ஓடும். புரட்டிப் பார்ப்பவருக்கு அது வறண்ட பட்டியல். ஏதாவது ஒரு வரியைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே பெரிய கதை வரும். உறுப்பினர்கள் சொந்த வேலையை முடித்துவிட்டு, சங்கத்திடம் சம்பளம் வாங்காமல், மாலையிலும் விடுமுறையிலும் உட்கார்ந்து செய்த காரியங்கள் நம் வீட்டு வைஃபை முதல் பைக் ஆயில் வரை பரவிக் கிடக்கின்றன. அப்படிச் சேர்த்து வைத்தவற்றில் சில இங்கே.

◆ 1818 ஜனவரி 2. லண்டன் ஃப்ளீட் தெருவில் கெண்டல் காபி ஹவுஸ். ஹென்றி ராபின்சன் பாமர் என்ற இளைஞரும் அவரையொத்த சில இளம் என்ஜினீயர்களும் அங்கே கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். தொழிலைக் கல்லூரியில் படிக்க வழியில்லாத காலம். தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் சங்கத்தின் வேலை. சிறிய கூட்டம், பெயரும் இல்லை, பணமும் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து, சாலைகளும் பாலங்களும் கட்டிப் பெரும்புகழ் பெற்றிருந்த தாமஸ் டெல்ஃபோர்டைத் தலைவராக வரும்படி கேட்டார்கள். அவர் வந்தார். 1834-ல் இறக்கும் வரை அவர்தான் தலைவர். தம் புத்தகங்களையும் சங்கத்துக்கே கொடுத்தார். 'இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சிவில் என்ஜினீயர்ஸ்' என்று இன்று உலகம் அறிந்திருப்பது அந்தக் காபிக் கடைக் கூட்டம்தான்.

◆ அதற்கும் முன்னோடி உண்டு. 1771-ல் ஜான் ஸ்மீட்டன் முதலானோர் லண்டன் உணவு விடுதி ஒன்றில் சேர்ந்து சாப்பிட்டுப் பேசத் தொடங்கிய குழு, 'ஸ்மீட்டோனியன் சொசைட்டி' என்ற பெயரில் இன்றும் கூடுகிறது. 'சிவில்' என்ற சொல்லுக்கு அன்று ராணுவம் சாராத என்பதே பொருள். கோட்டை கட்டுபவர் ராணுவ என்ஜினீயர். கலங்கரை விளக்கம் கட்டுபவர் சிவில் என்ஜினீயர்.

◆ 1905 மார்ச் 20. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ப்ராக்டன் நகரம். க்ரோவர் காலணித் தொழிற்சாலையில் காலை வேலை தொடங்கியிருந்தது. பழைய பாய்லர் ஒன்று வெடித்து, மாடிகளைப் பிய்த்துக்கொண்டு வெளியே பறந்தது. நான்கு மாடி மரக் கட்டடம் சரிந்து தீப்பிடித்தது. 58 பேர் இறந்தார்கள், சுமார் 150 பேர் காயமடைந்தார்கள்.

அக்காலத்தில் அமெரிக்காவில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான பாய்லர்கள் வெடித்துக்கொண்டிருந்தன. தகடு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும், ரிவெட் எத்தனை அடிக்க வேண்டும் என்பதெல்லாம் செய்பவர் கைப்பழக்கம். ப்ராக்டன் சாவுகளுக்குப் பிறகு 1907-ல் மசாசூசெட்ஸ் விதிகள் வகுத்தது. அதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் வகுத்தன, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒரு மாநிலத்தில் செல்லும் பாய்லர் பக்கத்து மாநிலத்தில் செல்லாது. அப்போதுதான் ஏ.எஸ்.எம்.இ. எனப்படும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1911-ல் ஒரு கமிட்டி போட்டது. கமிட்டி எழுதிய 'பாய்லர் கோடு' 1915-ல் அச்சாகி வந்தபோது 114 பக்கம். இன்று அது அலமாரியை நிரப்பும் பல தொகுதிகள். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் புழங்குகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதிய பதிப்பு வருகிறது. ஒரு பொறியாளர் சங்கத்தின் சாதனை என்று எதைச் சொல்வாய் என்று யாராவது கேட்டால், எந்தப் பதக்கத்துக்கும் முன்னால் இதைத்தான் சொல்வேன்.

◆ பாய்லர் விஷயத்தில் நம் நாடு விழித்துக்கொண்டது முன்பே. 1863-ல் கல்கத்தாவில் நடந்த ஒரு பாய்லர் வெடிப்புக்குப் பிறகு, 1864-லேயே வங்காளத்தில் பாய்லர் பரிசோதனைச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் 1923-ல். அரிசி ஆலையில் பாய்லர் வைத்திருப்பவர்கள் 'ஐ.பி.ஆர். சர்டிபிகேட்' என்று சொல்வார்களே, அந்த வழி வந்ததுதான்.

◆ பைக்குக்கு ஆயில் வாங்கும்போது டப்பாவில் '20டபிள்யூ-40' என்று பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னால் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும்: எஸ்.ஏ.இ. அது ஆயில் கம்பெனியின் பெயர் அல்ல; 1905-ல் தொடங்கிய மோட்டார் வாகனப் பொறியாளர் சங்கத்தின் பெயர். அதன் முதல் துணைத் தலைவர்களில் ஒருவர் ஹென்றி ஃபோர்டு. ஆயிலின் கெட்டித்தன்மையை எண்ணால் குறிக்கும் முறையை அந்தச் சங்கம் 1911-லேயே தொடங்கிவிட்டது. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முதல் எண்ணும், என்ஜின் சூடான பிறகு எப்படி இருக்கும் என்பதை இரண்டாவது எண்ணும் சொல்கின்றன. மதுரை மெக்கானிக்கும் மாஸ்கோ மெக்கானிக்கும் ஒரே எண்ணைச் சொல்லி ஒரே ஆயிலைக் கேட்டு வாங்க முடிகிறது.

◆ மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கத்தை நம் கல்லூரிகளில் 'ஐ ட்ரிபிள் ஈ' என்பார்கள். 1884-ல் பிறந்த ஒரு சங்கமும் 1912-ல் பிறந்த ரேடியோக்காரர்கள் சங்கமும் 1963 ஜனவரி 1-ல் ஒன்றாகி உருவானது. 190-க்கு மேற்பட்ட நாடுகளில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். அதன் சின்னத்தில் உள்ள சாய்சதுரம், மின்னலைச் சோதித்துப் பார்த்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் காற்றாடி. உள்ளே இருக்கும் நேர் அம்பும் வளைந்த அம்பும் மின்சாரமும் காந்தமும்: பத்தாம் வகுப்பில் கட்டைவிரலை நீட்டிப் படித்த அதே வலக்கை விதி.

◆ அந்தச் சங்கத்தின் கமிட்டிகளுக்கு எண்தான் பெயர். 1980 பிப்ரவரியில் கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கான விதிகளை எழுத ஒரு கமிட்டி கூடியது. எண் 802. அதன் கிளைகளில் ஒன்று 802.11, கம்பியில்லாமல் இணைப்பதற்கு. 1997-ல் அதன் முதல் விதித்தொகுப்பு நிறைவேறியது. வேகம் விநாடிக்கு 2 மெகாபிட்தான். 'வைஃபை' என்ற செல்லப்பெயர் பிறகு வந்தது, அதை வைத்தது வேறோர் அமைப்பு.

இந்தக் கமிட்டி வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். உறுப்பினர்கள் கம்பெனிகளில்தான் வேலை பார்க்கிறார்கள், ஆனால் ஓட்டு கம்பெனிக்கு இல்லை, ஆளுக்கு. பணம் கட்டிவிட்டால் ஓட்டுரிமை வந்துவிடாது. கூட்டங்களுக்குத் தொடர்ந்து வந்து உட்கார்ந்தால்தான் வரும். தொழில்நுட்ப முடிவு ஒன்று நிறைவேற 75 சதவீத ஆதரவு வேண்டும். பாதிக்கு மேல் ஒருவர் கூடுதலாக இருந்தால் போதும் என்று தள்ளிவிட முடியாது, எதிர்த்தவரையும் உட்காரவைத்துப் பேசியாக வேண்டும். விக் ஹேஸ் என்பவர் இந்தக் குழுவுக்குப் பத்தாண்டுகள் தலைமை தாங்கினார். போட்டிக் கம்பெனிகளின் ஆட்களை ஒரே மேசையில் பத்தாண்டு உட்காரவைப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று, ஒரு அபார்ட்மென்ட் சங்கத்தில் செயலாளராக இருந்தவர்களுக்குக்கூடத் தெரியும்.

◆ 1980-களுக்கு முன்பு, ஒரே கணக்கை இரண்டு கம்பெனிகளின் கணினிகளில் போட்டால் தசமப் புள்ளிக்குப் பின்னால் வேறு வேறு விடை வரலாம். வில்லியம் கஹன் என்ற கணிதப் பேராசிரியர் முன்னின்று உழைக்க, 1985-ல் 'ஐ ட்ரிபிள் ஈ 754' என்ற விதி வந்தது. உங்கள் செல்போன் உட்பட இன்றைய கணினிகள் அனேகமாக எல்லாமே தசம எண்களை அதன்படிதான் கையாள்கின்றன. கஹனுக்கு 1989-ல் ட்யூரிங் விருது கிடைத்தது.

◆ ஒரு சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட கட்டுரை உலகத்தையே மாற்றுமா? மாற்றியிருக்கிறது. 1888 மே 16 அன்று, நியூயார்க்கில் அமெரிக்க மின்பொறியாளர் சங்கத்தின் கூட்டத்தில், நிகோலா டெஸ்லா தம் மாறுமின்சார மோட்டாரை விளக்கினார். இரண்டு மாதத்துக்குள் தொழிலதிபர் வெஸ்டிங்ஹவுஸ் அந்தக் காப்புரிமைகளை எடுத்துக்கொண்டார். வயல் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மூன்று ஃபேஸ் மோட்டார் அன்று டெஸ்லா விளக்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டரில் சுற்றுவதும் அதன் உறவுதான்.

◆ அதே சங்கம் 1917-ல் டெஸ்லாவுக்கு ஒரு பதக்கம் கொடுத்தது. பதக்கத்தின் பெயர் எடிசன் பதக்கம்! மின்சாரம் எந்த வழியில் ஓட வேண்டும் என்று யாரோடு வாழ்நாள் பகையோ, அவர் பெயரிலேயே விருது. வாங்க மாட்டேன் என்றவரை நண்பர்கள் வற்புறுத்தி அழைத்து வந்தார்கள். விழா நடுவில் ஆளைக் காணோம்; தேடிப்போனபோது பக்கத்துப் பூங்காவில் புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர் சொல்கிறார்.

◆ ஹெர்த்தா அயர்ட்டன். தெருவிளக்காக எரிந்த ஆர்க் விளக்குகள் ஏன் 'உஸ்' என்று சீறுகின்றன, ஏன் படபடக்கின்றன என்று கண்டுபிடித்த ஆங்கிலேயப் பெண். 1899-ல் லண்டன் மின்பொறியாளர் சங்கத்தின் மேடையில் தம் கட்டுரையைத் தாமே வாசித்த முதல் பெண் அவர்தான். இரண்டு நாளில் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. மூன்று ஆண்டு கழித்து ராயல் சொசைட்டிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, திருமணமான பெண்ணைச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். 1906-ல் அதே சொசைட்டி அவருக்குப் பதக்கம் கொடுத்தது. அறிவியல் பேரவை கதவை மூடிய நேரத்தில் என்ஜினீயர்கள் திறந்து வைத்திருந்தார்கள் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அடுத்த கதை இருக்கிறது.

◆ நோரா ஸ்டாண்டன் பிளாட்ச் 1905-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிவில் என்ஜினீயரிங் பட்டம் பெற்றவர். அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் அவரை ஜூனியர் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. ஜூனியர் பிரிவுக்கு வயது வரம்பு உண்டு. அதைத் தாண்டியதும் மேல்நிலைக்கு உயர்த்த வேண்டும். அவரை உயர்த்தாமல் பெயரை நீக்கிவிட்டார்கள். 1916-ல் வழக்குப் போட்டார், தோற்றார். சங்கம் அவருக்கு முதுநிலை 'ஃபெலோ' தகுதி கொடுத்தது 2015-ல். அவர் இறந்து 44 ஆண்டு ஆகியிருந்தது.

◆ இயந்திரப் பொறியாளர்கள் கொஞ்சம் பரவாயில்லை. பற்சக்கரம் வெட்டும் இயந்திரங்களை விற்று அப்பாவின் தொழிற்சாலையைத் தூக்கி நிறுத்திய கேட் க்ளீசனை 1914-லேயே முழு உறுப்பினராக்கினார்கள்.

◆ கான்க்ரீட் மிதக்குமா? அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் மாணவர்கள் 1988 முதல் தேசிய அளவில் போட்டி நடத்தி நிரூபித்துக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரிக்கு ஒரு படகு. மாணவர்களே கலவை போட்டு, வார்த்து, நீராற்றி, மணல்தாளால் தேய்த்து, துடுப்பும் போட வேண்டும். படகில் தண்ணீரை நிரப்பி முழுக அமுக்கினாலும் அது மேலே வந்துவிட வேண்டும் என்பது சோதனைகளில் ஒன்று. தண்ணீரைவிட லேசான கான்க்ரீட்டை உருவாக்குவது அதற்கு ஒரு வழி. வேகமாக ஓட்டினால் மட்டும் வெற்றி கிடையாது. வடிவமைப்பு அறிக்கைக்கும் மேடையில் விளக்குவதற்கும் மதிப்பெண் உண்டு.

◆ அதற்கு நம்மூர்த் தம்பி 'பாஹா'. வாகனப் பொறியாளர் சங்கத்தின் இந்தியக் கிளை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது, 2007 முதல் நடத்துகிறது. ஒரே ஆள் ஓட்டும், சேற்றிலும் மேட்டிலும் ஓடும் வண்டியை மாணவர்களே வடிவமைத்து, வெல்டிங் செய்து, இந்தூர் பக்கத்துப் பீதம்பூர் வரை கொண்டுபோக வேண்டும். கடைசியில் நான்கு மணி நேரம் ஓடித் தாக்குப்பிடிக்கும் பந்தயம். சஸ்பென்ஷன் உடைந்தால் பிட்டுக்கு இழுத்து வந்து, பற்றவைத்து, மறுபடி ஓட்டுகிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி ஒர்க்‌ஷாப்புகளில் இரவு பதினொரு மணிக்கு வெல்டிங் பொறி பறந்தால் அது இந்த வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

◆ ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில், இந்திய நேரப்படி விடியற்காலை 5.30 மணிக்கு, உலகம் முழுக்க மாணவர்கள் ஒரே நேரத்தில் கணினி முன் உட்காருகிறார்கள். 24 மணி நேரம் தொடர்ந்து புரோகிராம் எழுதும் போட்டி அது, பெயர் 'ஐ ட்ரிபிள் ஈ எக்ஸ்ட்ரீம்'. 2006-ல் தொடங்கியது. அணிக்கு அதிகபட்சம் மூன்று பேர். கிரீன்விச் நேரப்படி நள்ளிரவில் தொடங்குவதால் நமக்கு விடியற்காலை.

◆ வெண்கலத்தில் ஒரு பலகை, அதில் ஆங்கிலத்தில் 70 சொற்களுக்கு மேல் இருக்கக் கூடாது. 1983 முதல் ஐ ட்ரிபிள் ஈ, உலகின் முக்கியமான மின்பொறியியல் நிகழ்வுகள் நடந்த இடங்களில் இப்படிப் பலகை பதிக்கிறது. 'மைல்ஸ்டோன்' என்று பெயர். நிகழ்வு நடந்து குறைந்தது 25 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். காலம் சலித்துக் கொடுக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். 2012-ல் கல்கத்தாவில் இரண்டு பலகைகள் பதிக்கப்பட்டன. ஒன்று, 1894-96-ல் ஜகதீஷ் சந்திர போஸ் மில்லிமீட்டர் அலைகளைக் கொண்டு செய்த சோதனைகளுக்கு. அந்த அலைகளின் பக்கம் 5ஜி காலத்தில்தான் செல்போன்கள் திரும்பிப் பார்க்கின்றன. மற்றொன்று, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928-ல் கண்டுபிடித்த ராமன் விளைவுக்கு. 2020-ல் புனே அருகே உள்ள மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியும் பட்டியலில் சேர்ந்தது.

◆ ஃபெலோ என்ற தகுதி எளிதில் கிடைக்காது. ஐ ட்ரிபிள் ஈ-யில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கு மேல் ஓர் ஆண்டில் ஃபெலோ ஆக முடியாது. அதன் மிக உயர்ந்த விருதான 'மெடல் ஆஃப் ஹானர்' 1917-ல் தொடங்கியது. ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்தது 2015-ல், கார்பன் ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்ட மில்ட்ரெட் டிரெஸ்ஸல்ஹாஸுக்கு. 2025 முதல் பரிசுத்தொகை 20 லட்சம் டாலர். நம் அப்துல் கலாமை 2011-ல் இச்சங்கம் கௌரவ உறுப்பினராக்கியது.

◆ பள்ளிப் பிள்ளைக்குப் போல நாட்டுக்கே ரேங்க் கார்டு கொடுக்கும் சங்கம் ஒன்று உண்டு. அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் 1998 முதல் தன் நாட்டின் பாலம், அணை, குடிநீர், சாலை என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது. முதல் கார்டில் 'டி'. 2021-ல் 'சி மைனஸ்'. 2025-ல் 'சி', இதுவரை கிடைத்ததில் அதுதான் உயர்ந்தது. கட்டியவர்களே தங்கள் கட்டுமானங்களுக்கு இவ்வளவு குறைந்த மதிப்பெண் போட்டு ஊரறியச் சொல்வது சாதாரண நேர்மை அல்ல. இப்படி ஒரு கார்டை நம் மாநிலத்து ஏரி மதகுகளுக்கும் பாலங்களுக்கும் நம் பொறியாளர்கள் வெளியிட்டால் முதல் பிரதியை நான் வாங்குவேன்.

◆ புயல் அடித்து ஊர் இருண்டு கிடக்கும்போது சோறு, தண்ணீருக்கு அடுத்து எல்லாரும் தேடுவது போன் சார்ஜ். அமெரிக்காவில் ஐ ட்ரிபிள் ஈ உறுப்பினர்கள் செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து, 2016 முதல் ஒரு வண்டியை ஓட்டுகிறார்கள். மின்சாரமும் இணையமும் அதிலேயே இருக்கும். பேரிடர் இல்லாத மாதங்களில் அதே வண்டி பள்ளிகளுக்குப் போய்க் குழந்தைகளுக்கு அறிவியல் காட்டுகிறது. கஜா புயலின்போது டெல்டாவில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்களுக்கு இதன் மதிப்பு விளங்கும்.

◆ உறுப்பினருக்கு ஆபத்து வந்தால் சங்கம் என்ன செய்யும்? 1972-ல் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 'பார்ட்' என்ற புதிய மின்ரயில் திறக்கப்பட இருந்தது. ஓட்டுநரை நம்பாமல் தானாகவே ஓடி நிற்கும் கட்டுப்பாட்டு முறை. அங்கே வேலை பார்த்த மூன்று பொறியாளர்களுக்கு அந்த முறை பாதுகாப்பானது என்ற நம்பிக்கை வரவில்லை. மேலதிகாரிகளிடம் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தார்கள், பயனில்லாமல் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரிடம் போனார்கள். விஷயம் செய்தித்தாளுக்கு வந்தது. மூவருக்கும் வேலை போனது. செப்டம்பரில் ரயில் ஓடத் தொடங்கியது. அக்டோபர் 2 அன்று, ஃப்ரீமான்ட் நிலையத்தில் நிற்க வேண்டிய ரயில் நிற்காமல் தண்டவாள முடிவைத் தாண்டிப் போனது. காயத்தோடு போயிற்று, உயிர்ச்சேதம் இல்லை.

மூவரும் வழக்குப் போட்டார்கள். 1975-ல் ஐ ட்ரிபிள் ஈ அந்த வழக்கில் நீதிமன்றத்துக்குத் துணை மனு ஒன்றை அளித்தது. பொதுமக்களின் பாதுகாப்பைக் காப்பது பொறியாளரின் கடமை, அந்தக் கடமையைச் செய்ததற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பது மனுவின் சாரம். தீர்ப்பு வரும் முன்பே இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. 1978-ல் சங்கம் மூவருக்கும் பொதுநல சேவை விருது அளித்தது. சங்கச் சந்தா எதற்கு என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

◆ கனடாவில் பொறியாளர்கள் வேலை செய்யும் கையின் சுண்டுவிரலில் ஓர் எளிய உலோக மோதிரம் போடுவார்கள். எழுதும்போதும் வரையும்போதும் அது காகிதத்தில் உரசும்; உன் பொறுப்பு என்ன என்று நினைவூட்டும். இதற்கான சடங்கு 1925-ல் தொடங்கியது. வாசகங்களை எழுதிக் கொடுத்தவர் ருட்யார்ட் கிப்ளிங். 1907-ல் கட்டும்போதே இடிந்து 75 பேரைக் கொன்ற கியூபெக் பாலத்தின் இரும்பில் செய்தவை இந்த மோதிரங்கள் என்று சொல்வார்கள். அது உண்மையில்லை. ஆனால் அந்தப் பாலத்தின் நினைவு மோதிரத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

◆ நம் நாட்டின் பெரிய பொறியாளர் சங்கமான 'இன்ஸ்டிடியூஷன் ஆஃப் என்ஜினீயர்ஸ் (இந்தியா)'வின் தலைமையகம் கல்கத்தா கோகலே சாலையில். ஆனால் அது சங்கமாகப் பதிவானது நம் சென்னையில், 1920 செப்டம்பர் 13 அன்று! அரச சாசனம் 1935-ல் கிடைத்தது. செப்டம்பர் 15 பொறியாளர் தினத்துக்கு ஆண்டுதோறும் ஒரு பொருளை அறிவித்து நாடெங்கும் கூட்டம் நடத்துவது இந்தச் சங்கம்தான். விஸ்வேஸ்வரய்யாவின் பிறந்த நாள் அது. இலங்கையில் இதற்கு இணையான சங்கம் 1906-ல் தொடங்கியது, நம்முடையதைவிட மூத்தது.

◆ 'ஏ.எம்.ஐ.இ.' என்று வீட்டு வாசல் பலகையில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நான்கு எழுத்துக்கு உரியவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. டிப்ளமோ முடித்துவிட்டு ரயில்வேயிலோ பொதுப்பணித் துறையிலோ மின்வாரியத்திலோ சேர்ந்தவர்கள். குடும்பச் சூழலால் பி.இ. படிக்க முடியாதவர்கள். பகலில் வேலை, இரவில் புத்தகம். பிரிவு 'ஏ', பிரிவு 'பி' என்று ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் தேர்வுகளை எழுதித் தேறினால் பட்டத்துக்கு இணையான தகுதி. 1928 முதல் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் என்ஜினீயர்ஸ் (இந்தியா) நடத்திய தேர்வு அது. 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்குத்தான் அந்த இணைத்தகுதி என்று பிறகு முடிவானது. கல்லூரி வாசலையே மிதிக்காமல் எக்சிகியூட்டிவ் என்ஜினீயராக ஓய்வுபெற்ற தாத்தா உங்கள் வீட்டிலும் இருந்தால், அவர் ராத்திரி விளக்கில் படித்த கதையைக் கேட்டு எழுதி வையுங்கள்.

◆ கடைசியாக, சென்னையில் பிறந்த ஒரு பெண். பெயர் ஏ. லலிதா. தெலுங்குக் குடும்பம். அப்பா கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். 15 வயதில் திருமணம், 18 வயதில் கைம்பெண், கையில் நான்கு மாதக் குழந்தை. தலையை மழித்து மூலையில் உட்காரவைக்கும் காலம். அப்பா பொறியியல் படிக்கவைத்தார். கல்லூரி முதல்வர் ஒப்புக்கொண்டார். சிவில் பிரிவில் தெரேசியா, லீலம்மா என்று மேலும் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். அந்தத் தெரேசியாதான் பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். 1943-ல் படிப்பை முடித்த லலிதாவின் சான்றிதழில் 'அவன்' என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். அச்சடித்தவருக்கு அப்படி ஒரு தேவை வரும் என்று தோன்றியிருக்காது.

பிறகு கல்கத்தாவில் ஒரு மின்சாதனக் கம்பெனியில் வேலை. மின்பாதைகள், துணைமின்நிலையங்களின் வடிவமைப்பு. பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளுக்கான பணியிலும் அவர் கை உண்டு. அயர்ட்டனைச் சேர்த்துக்கொண்ட அதே லண்டன் மின்பொறியாளர் சங்கம், 1953-ல் லலிதாவைத் துணை உறுப்பினராகவும் 1966-ல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964-ல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு நடந்தபோது, இந்தியாவில் பெண் பொறியாளர்களுக்கென்று ஒரு சங்கக் கிளைகூட இல்லை. அவர் தனிப்பட்ட முறையில் போனார். திரும்பி வந்து மற்ற பெண் பொறியாளர்களைத் தேடிப்பிடித்துப் பேசினார். 1967-ல் இரண்டாவது மாநாடு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கூடியது. இந்தியாவிலிருந்து ஐந்து பெண் பொறியாளர்கள் போனார்கள்.